ஏசி ஓடவில்லை, வாடகை ஏறுகிறது, மாமனார் மாமியார் வருகிறார்கள்: சன்னிவேல் வாசகிக்கு ஒரு பதில்

கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். தென்காசிப் பக்கத்துக்காரர். கணவர் எச்-1பி வேலை விசாவில், இவர் அவரைச் சார்ந்து வரும் எச்-4 விசாவில், நாலு வயதில் ஒரு மகன். எல் கமினோ ரியல் சாலைக்குச் சற்றுத் தள்ளி, 1970களில் கட்டிய பெரிய அப்பார்ட்மெண்ட் வளாகம் ஒன்றில் இரண்டு படுக்கையறை வீடு, மேல் மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. குடிவந்து மூன்றாவது வருடம் ஓடுகிறது. ஜூன் கடைசியில் சுவரில் இருந்த ஏசி நின்றுவிட்டது. இவர்கள் போனில் இரண்டு முறை புகார் சொன்னார்கள், ஒருவர் வந்து பார்த்துவிட்டு உள்ளே கம்ப்ரெசர் போய்விட்டது, ஆர்டர் போட வேண்டும் என்றார். அப்புறம் ஆளையே காணோம். ஆபீசுக்குப் போய்க் கேட்டால் "ஏசி கொடுக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது" என்கிறார்கள். இரவு எட்டு மணிக்கும் ஹாலில் 91 டிகிரி, பையன் ஜட்டியோடு டைல்ஸ் தரையில் கிச்சனில்தான் தூங்குகிறான் என்று எழுதியிருக்கிறார்.

இதற்கு நடுவில் ரென்யூவல் கடிதம் வந்திருக்கிறது. இதுவரை மாதம் 3,400 டாலர் கட்டியவர்கள் அக்டோபரில் இருந்து 3,900 கட்ட வேண்டும், ஆகஸ்ட் 31-க்குள் கையெழுத்துப் போட வேண்டும். அக்டோபரில் மாமனார் மாமியார் ஆறு மாதம் தங்க வருகிறார்கள், டிக்கெட்டும் போட்டாயிற்று. விருந்தாளி 14 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்று லீஸில் இருப்பதாக மேனேஜர் வாய்வார்த்தையாக எச்சரித்திருக்கிறார். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வாடகையை நிறுத்து என்கிறார், இன்னொருவர் டெபாசிட்டைக் கடைசி மாத வாடகையில் கழித்துக்கொண்டு கிளம்பு என்கிறார். கணவரோ, "விசாவில் இருக்கிறோம், வம்பு வேண்டாம், கேட்டதைக் கொடுத்துவிடலாம்" என்கிறார். "நான் எச்-4. எனக்கு இதில் பேச உரிமையே இருக்கிறதா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது தெளியாமல் மற்ற எதையும் நீங்கள் செய்யப்போவதில்லை. இருக்கிறது. லீஸில் உங்கள் பெயரும் கையெழுத்தும் இருக்கும்வரை உங்கள் கணவருக்கு என்ன உரிமையோ அதே உரிமை உங்களுக்கும் உண்டு. கலிஃபோர்னியாவின் வாடகைச் சட்டம் குடியிருப்பவர் எந்த விசாவில் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை. 2018 ஜனவரியில் அமலுக்கு வந்த ஏபி 291 என்ற சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், வாடகைக்காரரை மிரட்டவோ பழிவாங்கவோ அவருடைய குடியேற்ற நிலையை வெளியே சொல்லிவிடுவேன் என்று வீட்டுக்காரர் பயமுறுத்துவதையே தடை செய்கிறது. வருமானச் சான்று, அடையாள அட்டை கேட்கலாம், அது வேறு.

வாடகைத் தகராறு ஒரு சிவில் விவகாரம். ஏசியைச் சரிசெய்யச் சொல்லி நீங்கள் எழுதும் கடிதமும், நாளைக்கே நீங்கள் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போனாலும் அந்த மனுவும், குற்ற வழக்கு ஆகாது. உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. நான் பேசுகிற தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் இந்தப் பயத்தோடுதான் வருகிறார்கள், கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடமாக நிற்பவர்களுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பவர்கள் ஒரு நாள் தாங்க முடியாமல் போய், ஆத்திரத்தில் வாடகையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது அந்த இரண்டாவது கட்டம்தான், உங்கள் கடிதத்தில் நீங்கள் அதன் வாசலில் நிற்கிறீர்கள்.

வாடகையை நிறுத்தாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வாடகை வராவிட்டால் இந்த மாநிலத்தில் 3 நாள் நோட்டீஸ் கொடுக்கலாம். சனி, ஞாயிறு, கோர்ட் விடுமுறை கணக்கில் வராது, அவ்வளவுதான். அதற்குள் கட்டாவிட்டால் வெளியேற்றும் வழக்குப் போடலாம். வழக்குக் காகிதம் கைக்கு வந்தால் பதில் தாக்கல் செய்யக் கிடைப்பது 10 கோர்ட் வேலைநாள், அதுவே 2025 ஜனவரிக்கு முன் வெறும் 5 நாளாக இருந்தது. இங்கே சிவில் வழக்குகளில் இத்தனை வேகமாக ஓடுவது வேறு அதிகம் இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பழுது பற்றிப் புகார் சொன்னதற்காக 180 நாளுக்குள் பழிவாங்கும் விதமாக வாடகையை ஏற்றினாலோ, காலி செய்யச் சொன்னாலோ அது சட்டவிரோதம் என்று சிவில் கோடு 1942.5 சொல்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு வாடகை பாக்கி இல்லாதவர்களுக்குத்தான். அதாவது வாடகையை நிறுத்துகிற அன்றைக்கே, உங்களைக் காப்பாற்றக்கூடிய சட்டத்தையும் சேர்த்துக் கைவிட்டுவிடுகிறீர்கள். மாதா மாதம் 1-ஆம் தேதி, முழுத்தொகை, வழக்கம்போல. சண்டை நடக்கிற மாதங்களில் இன்னும் ஒழுங்காக.

டெபாசிட்டைக் கடைசி மாத வாடகையில் கழித்துக்கொள்வதும் அப்படித்தான். லீஸில் "கடைசி மாத வாடகை" என்று தனியாக எழுதி வாங்கியிருந்தால் ஒழிய டெபாசிட் வேறு, வாடகை வேறு. கழித்தால் அது வாடகை பாக்கி.

3,900 சட்டவிரோதமா? உங்கள் லீஸின் ஒரு வரிதான் முடிவு செய்யும்

3,400-இல் இருந்து 3,900 என்றால் 14.7 விழுக்காடு, சட்டம் 10 விழுக்காடுதானே அனுமதிக்கிறது, இது அப்பட்டமான மோசடி இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தை ஓரளவு சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறீர்கள். 2019-இல் நிறைவேறி 2020-இல் அமலுக்கு வந்த வாடகைக்காரர் பாதுகாப்புச் சட்டம், எல்லோரும் ஏபி 1482 என்று சொல்வார்களே, அதன்படி 12 மாதத்துக்குள் வாடகையை 5 விழுக்காடு கூட்டல் விலைவாசி உயர்வு, அதிகபட்சம் 10 விழுக்காடு என்ற அளவுக்குத்தான் ஏற்ற முடியும். கட்டி 15 வருடம் தாண்டிய அடுக்குமாடிகளுக்கு இது பொருந்தும். உங்களுடையது 1970களின் கட்டடம், சந்தேகமே இல்லை. 10 என்பது உச்சவரம்பு. விலைவாசி 3 ஏறியிருந்தால் உங்கள் வரம்பு 8தான்.

ஆனால் உங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "போன வருடம் ரென்யூ பண்ணும்போது மாதம் 250 டாலர் தள்ளுபடி கொடுத்தார்கள், அதனால்தான் 3,400." அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன்.

இங்குள்ள பெரிய வளாகங்கள் காலி வீடுகள் அதிகமாக இருக்கும் வருடங்களில் இப்படிச் செய்வது வழக்கம். லீஸில் மொத்த வாடகை 3,650 என்று போட்டு, கீழே "சலுகை: 250" என்று தனி வரியாகக் காட்டுவார்கள். நம் கையில் இருந்து போவது 3,400, நம் மனதில் பதிவதும் 3,400. ஆனால் ஏபி 1482 கணக்குப் போடுவது அந்த மொத்த வாடகையில் இருந்து. தள்ளுபடி, இலவச மாதம் போன்ற சலுகைகளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதே சட்டம் வீட்டுக்காரருக்கும் ஒரு நிபந்தனை வைக்கிறது, மொத்த வாடகையையும் சலுகையையும் லீஸில் தனித்தனியாகக் காட்டியிருக்க வேண்டும்.

ஆகவே இரண்டில் ஒன்று. லீஸில் 3,650 என்றும் 250 சலுகை என்றும் தனித்தனியாக இருந்தால், 3,900 என்பது 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான ஏற்றம். விலைவாசி 2 விழுக்காடு உயர்ந்திருந்தாலே அது சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடும், மோசடி என்று நீங்கள் போய்ச் சத்தம் போட்டால் அவர்கள் அந்தப் பக்கத்தை எடுத்து மேஜையில் வைப்பார்கள். மாறாக, லீஸில் வெறுமனே "வாடகை 3,400" என்று மட்டும் இருந்தால், அவர்கள் கேட்கக்கூடிய உச்சத் தொகையே 3,740. அப்போது 3,900 வரம்பு மீறியது, அதிகமாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். தெரிந்தே வாங்கியது என்று நிரூபணமானால் மூன்று மடங்கு வரை கோர்ட் கொடுக்க முடியும் என்று 2024 ஏப்ரலில் இருந்து சட்டம் கடுமையாகியிருக்கிறது. ஏற்றம் 10 விழுக்காட்டைத் தாண்டினால் 90 நாள் முன்னறிவிப்பும் வேண்டும்.

இன்று இரவு பையன் தூங்கிய பிறகு போன வருட ரென்யூவல் பிடிஎஃப்பைத் திறந்து, வாடகை என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். பின்னிணைப்புப் பக்கங்களையும் விடாதீர்கள், சலுகைப் பக்கம் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும்.

விலைவாசி எண்ணைத் தேடும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. நண்பர்கள் சான் பிரான்சிஸ்கோ வட்டார எண்ணைச் சொல்வார்கள். சன்னிவேல் இருப்பது சாண்டா கிளாரா கவுண்டியில், அந்த வட்டாரக் கணக்கில் இந்தக் கவுண்டி சேராது. நீங்கள் மாநில அளவிலான எண்ணைத்தான் எடுக்க வேண்டும். ஒரு விழுக்காடு வித்தியாசம் என்றாலும் வருடத்துக்கு நானூறு டாலருக்கு மேல் வருகிறது, அது உங்கள் பணம்.

31-ஆம் தேதிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வெளியே போகணுமா?

இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் குடியிருக்கும் உங்களைச் சட்டம் ஏற்கும் காரணம் இல்லாமல் வெளியேற்ற முடியாது, லீஸ் முடிந்துவிட்டது என்பது மட்டுமே காரணம் ஆகாது. கையெழுத்து இல்லாமல் அக்டோபர் வந்தால் நீங்கள் மாதாந்திர வாடகைக்காரர் ஆவீர்கள். அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், அதுவும் மேலே சொன்ன வரம்புக்குள்தான் வர வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனமாக இருங்கள். பழைய லீஸ் போலவே அதே கால அளவு, அதே மாதிரி நிபந்தனைகளோடு புதுப்பிக்கச் சொல்லி வீட்டுக்காரர் எழுத்தில் கேட்டு, நீங்கள் மறுத்துவிட்டால், அந்த மறுப்பே உங்களை வெளியேற்றச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணங்களில் ஒன்று. அதனால் "கையெழுத்துப் போட மாட்டோம்" என்று ஒரு வார்த்தை எங்கேயும் எழுதாதீர்கள், ஆபீஸ் கவுண்டரில் கோபமாகவும் சொல்லாதீர்கள். "புதுப்பிக்க விரும்புகிறோம், இந்த இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேவை" என்று எழுதுங்கள். மறுப்பதற்கும் கேள்வி கேட்பதற்கும் உள்ள தூரம்தான் இந்த ஒரு மாதம் முழுக்க உங்களுக்குப் பாதுகாப்பு.

ஏசி

மேனேஜர் சொன்னதில் பாதி உண்மை. ஒரு வீட்டுக்குக் கட்டாயம் இருக்க வேண்டியவை என்று கலிஃபோர்னியா சட்டம் போடும் பட்டியலில் ஹீட்டர் உண்டு, ஏசி இல்லை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாக் காற்று ராத்திரியில் குளிர்வித்துவிடும் என்ற நம்பிக்கையில் கட்டிய பழைய வளாகங்கள் இந்தப் பக்கம் நிறைய, அவற்றில் பலவற்றில் ஏசியே கிடையாது. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் வெயில் 100 டிகிரியைத் தாண்டி அடித்தபோது மேல் மாடிக்காரர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன், பெயரிலேயே வெயிலை வைத்திருக்கும் ஊரில் மேற்குப் பார்த்த மேல் மாடி என்றால் என்ன என்று எனக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

மேனேஜர் சொல்லாமல் விட்ட பாதி இது: உங்கள் வீட்டில் ஏசி இருந்தது. குடிவந்தபோது ஓடியது. ஏசியைச் சேர்த்துத்தான் வீட்டைக் காட்டினார்கள், ஏசி உள்ள வீட்டுக்குத்தான் வாடகை வாங்குகிறார்கள். லீஸிலோ, குடிவரும்போது சாமான் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிய படிவத்திலோ ஏசி பெயர் இருந்தால் அதை ஓட வைப்பது ஒப்பந்தக் கடமை. அரசு கட்டாயப்படுத்தாத ஒன்றை ஒப்பந்தம் கட்டாயப்படுத்தலாம்.

இதில் ஒரு தவறான யோசனையையும் தள்ளி வைத்துவிடலாம். "நாமே சரிசெய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம்" என்று சட்டம் இருப்பது உண்மைதான். ஒரு மாத வாடகை அளவுக்குள், 12 மாதத்தில் இரண்டு தடவை வரை. ஆனால் அது வீடு குடியிருக்கத் தகுதியற்றுப் போகும் பழுதுகளுக்கு, தண்ணீர் வரவில்லை, ஹீட்டர் இல்லை, கூரை ஒழுகுகிறது என்பது போல. ஏசி அதில் சேரும் என்று ஒரு நீதிபதி ஒப்புக்கொள்வார் என்ற நம்பிக்கையில் நான் உங்களை இறக்கிவிட மாட்டேன். ஒப்புக்கொள்ளாவிட்டால் நீங்கள் கழித்த பணம் வாடகை பாக்கி, மறுபடி அதே 3 நாள் நோட்டீஸ்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. இதுவரை எல்லாமே போனிலும் நேரிலும் நடந்திருக்கிறது, உங்கள் கையில் ஒரு காகிதம் கூட இல்லை. எழுதுங்கள். என்றைக்கு நின்றது, யார் வந்து பார்த்தார், என்ன சொன்னார் எல்லாம் தேதியோடு. பழுதைச் சொல்லி 30 நாள் என்பது நியாயமான அவகாசம் என்று சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்கிறது, வாயால் சொன்னதும் செல்லும், ஆனால் எழுதினால்தான் அந்தக் கடிகாரம் என்றைக்கு ஓடத் தொடங்கியது என்று காட்ட முடியும். பத்து டாலருக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி ஹாலில் வைத்து, மாலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் போனில் ஒரு படம். பையன் தூங்கும் இடத்தையும் ஒரு படம். சரிசெய்யும்வரை அவர்கள் செலவில் போர்ட்டபிள் ஏசி ஒன்று கேளுங்கள், ஏசி ஓடாத மாதங்களுக்கு வாடகையில் ஒரு தொகை வரவு வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டு கழித்தால் அது வரவு. நீங்களாகக் கழித்தால் பாக்கி.

கொடுக்க மறுத்தால், முழு வாடகையும் கட்டிக்கொண்டே, அந்தத் தொகையைப் பிறகு ஸ்மால் கிளெய்ம்ஸில் கேட்கலாம். தனிநபர் 12,500 டாலர் வரை கேட்க முடியும், மனுக் கட்டணம் தொகையைப் பொறுத்து 30-இல் இருந்து 75 டாலர். இரண்டு பக்கமும் வக்கீல் வந்து வாதாட முடியாது. உங்கள் தேதிகளும் படங்களும்தான் அங்கே பேசும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கவும் வழி உண்டு.

அத்தையும் மாமாவும் வரும்போது

உங்கள் கடிதத்தில் மனதைத் தொட்ட பகுதி இது. மகன் பிறந்தபோது கொரோனாக் கட்டுப்பாடுகளால் வர முடியாதவர்கள், பேரனை முதல்முறையாக நேரில் பார்க்க வருகிறார்கள். "சொல்லாமல் வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்" என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும். மாமா காலையில் வளாகத்தைச் சுற்றி நடப்பார், அத்தை பால்கனியில் வடகம் காயப்போடுவார், ஆறு மாதம் யாரையும் மறைத்து வைக்க முடியாது, பெரியவர்களை அப்படி வைத்திருப்பது அவர்களுக்கும் அழகில்லை.

14 நாள் விதி பொதுவாகச் செல்லும். நீண்ட நாள் தங்கியவர் பிறகு தானும் வாடகைக்காரர் என்று உரிமை கேட்டுவிடுவாரோ என்பதுதான் ஆபீசின் பயம். அந்தப் பயத்தைத் தீர்த்துவிட்டால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கிறது. இருவர் பெயர், வரும் தேதி, திரும்பும் தேதி, ரிட்டர்ன் டிக்கெட்டின் நகல், இவற்றை வைத்து "தற்காலிக விருந்தினர்" என்று ஒரு பக்க இணைப்பில் கையெழுத்துக் கேளுங்கள். மூன்று பேர் குடும்பத்தில் இருவர் சேர்ந்தால் ஐந்து பேர். படுக்கையறைக்கு இருவர், கூட ஒருவர் என்பது இந்த மாநிலத்தில் ஆள் எண்ணிக்கைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல், நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். அதுவே உங்களுக்கு விருந்தினர் உரிமையைக் கொடுத்துவிடாது, ஆனால் "வீட்டில் கூட்டம்" என்ற வாதம் எடுபடாது.

அனுமதி இல்லாமல் தங்கினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முதலில் தவறைத் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்து நோட்டீஸ் தர வேண்டும், நேரே காலி செய் என்று சொல்ல முடியாது. பயந்து டிக்கெட்டை ரத்து செய்துவிடாதீர்கள். அதே வளாகத்தில் மற்ற குடும்பங்களின் பெற்றோர் மாதக்கணக்கில் தங்கியிருக்க, உங்களுக்கு மட்டும் இந்த விதி வந்தது என்றால் அதையும் குறித்து வையுங்கள். பிறந்த நாட்டைப் பார்த்து ஒருவருக்கு ஒரு விதி, இன்னொருவருக்கு ஒரு விதி என்று நடத்துவது சட்டவிரோதம்.

இருப்பதா, போவதா

நியாயமாகச் சொன்னால், 3,650 தனியாகக் காட்டப்பட்டிருந்தால் உங்களுக்குச் சட்டம் கொடுப்பதை விடப் பேரம் கொடுப்பது அதிகமாக இருக்கலாம். வளாகத்தின் சொந்த இணையதளத்தில் இதே அளவு வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று இன்றைக்கே பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புதியவருக்கு 3,700, மூன்றாவது வருடமாக ஒரு நாள் தாமதம் இல்லாமல் வாடகை கட்டும் உங்களுக்கு 3,900 என்றால் அதை வைத்துப் பேசலாம். ஒரு குடும்பம் காலி செய்தால் பெயிண்ட், சுத்தம், சில வாரங்கள் காலி வீடு என்று அவர்களுக்கும் செலவுதான், அது மேனேஜருக்கு நன்றாகத் தெரியும்.

வேறு வீடு பார்ப்பதென்றால் கட்டிய வருடத்தைக் கேளுங்கள். சன்னிவேலுக்கு என்று தனி வாடகைக் கட்டுப்பாடு இல்லை. பக்கத்து மவுண்டன் வியூவில் உண்டு, 1995 பிப்ரவரிக்கு முந்தைய அடுக்குமாடிகளுக்கு. சான் ஹோசேயில் 1979 செப்டம்பர் 7-க்கு முந்தைய, மூன்று வீடு அல்லது அதற்கு மேல் உள்ள கட்டடங்களில் வருடத்துக்கு 5 விழுக்காடுதான் ஏற்ற முடியும். தெருவைத் தாண்டினால் சட்டமும் மாறும், பள்ளி மாவட்டமும் மாறலாம். பையன் அடுத்த வருடம் கிண்டர்கார்டன் என்பதால் முகவரியை மாவட்டத்தின் பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். கணவருடைய வேலை நிலை நிச்சயமில்லை என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வேலை போனால் எச்-1பிக்கு 60 நாள்தான். அதனால் எந்த லீஸில் கையெழுத்துப் போட்டாலும், இடையில் விட்டுப்போனால் என்ன கட்டணம் என்ற பத்தியைப் படிக்காமல் போடாதீர்கள். நடுவில் காலி செய்தால் மீதி மாதம் முழுவதற்கும் கட்டியே ஆகவேண்டும் என்பதும் சரியில்லை, வீட்டுக்காரர் வேறு ஆள் பிடிக்க நியாயமான முயற்சி எடுத்தாக வேண்டும்.

டெபாசிட் பற்றிச் சுருக்கமாக. காலி செய்த 21 நாளுக்குள் மீதியைக் கணக்கோடு திருப்பித் தர வேண்டும், பிடித்தம் 125 டாலரைத் தாண்டினால் ரசீது வேண்டும். இப்போது படங்களும் எடுத்து வைக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. கடைசி இரண்டு வாரத்தில் முன்கூட்டியே வீட்டைப் பார்த்துக் குறை சொல்லச் சொல்லி நீங்கள் கேட்கலாம். மூன்று வருடம் சமைத்த வீட்டில் அடுப்புக்கு மேல் எண்ணெய்ப் படலம் இருக்கும், துடைத்துவிட்டுப் போங்கள். சாதாரணமாகக் குடியிருந்து தேய்ந்ததற்கு உங்கள் தலையில் பெயிண்ட் செலவைக் கட்டக்கூடாது.

நீங்கள் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல்

ஒரே கடிதம் போதும், ஆங்கிலத்தில், நீங்களே உங்கள் பெயரில், கணவரையும் சேர்த்து. முதல் பத்தி: புதுப்பிக்க விரும்புகிறோம். இரண்டாவது: ஏசி இந்தத் தேதியில் நின்றது, இந்த இந்தத் தேதிகளில் சொன்னோம், இன்னும் ஓடவில்லை, எந்தத் தேதிக்குள் சரியாகும், அதுவரை என்ன ஏற்பாடு. மூன்றாவது: புதிய வாடகை 3,900 எந்த அடிப்படை வாடகையில் இருந்து, எந்த விழுக்காட்டில் கணக்கிடப்பட்டது. நாலாவது: இருவர் இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதி வரை தங்க எழுத்துபூர்வ அனுமதி. குற்றச்சாட்டு வேண்டாம், சட்டப் பிரிவு எண்ணும் இப்போதைக்கு வேண்டாம். அனுப்பிவிட்டு, குடியிருப்போர் போர்ட்டலில் பழுதுக் கோரிக்கையும் தனியாகப் போட்டு அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இனிமேல் போனில் பேசினால் அன்றைக்கே "இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று இரண்டு வரி மின்னஞ்சல்.

ஒரு வாரத்தில் பதில் இல்லாவிட்டால் ப்ராஜெக்ட் சென்டினல் என்ற லாபநோக்கற்ற அமைப்பை அழையுங்கள், வீட்டுக்காரர் வாடகைக்காரர் தகராறுகளில் நடுவில் நின்று பேசித் தீர்ப்பது அவர்கள் வேலை. காகிதம் எதுவும் கோர்ட்டில் இருந்து வந்தால் மட்டும் ஒரு நாள் கூட வைத்திருக்காமல் இங்கே உரிமம் உள்ள ஒரு வக்கீலிடமோ கவுண்டி கோர்ட்டின் சுய உதவி மையத்திலோ காட்டுங்கள். உங்கள் லீஸைப் பார்க்காமல், கடிதத்தை மட்டும் வைத்து நான் எழுதுவது அதற்கு ஈடாகாது.

லீஸில் வாடகை என்ற இடத்தில் 3,400 இருந்ததா 3,650 இருந்ததா என்று எனக்கு எழுதுங்கள். 3,400 என்றால் அடுத்த கடிதத்தை நாம் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.